எரிசக்தி நிறுவனத்தின் பழைய சாஃப்ட்வேர்: ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா, எதை முதலில்?

கேரளத்தின் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கஞ்சிக்கோடு, வாளையார், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் எரிசக்திக் கட்டமைப்பு வேலை பார்க்கும் நடுத்தர நிறுவனங்கள் நிறைய. மின்கோபுரம் நிறுத்துவது, துணை மின்நிலையப் பராமரிப்பு, காற்றாலை சர்வீஸ், எரிவாயுக் குழாய் பதிப்பது என்று வேலை பல வகை. முதலாளி கோவையில் இருப்பார், குடோன் கஞ்சிக்கோட்டில் இருக்கும், சைட் உடுமலையிலும் திருச்சூரிலும் இருக்கும். கரூர் புகளூரில் இருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட், 2000 மெகாவாட் நேர்மின்னோட்டப் பாதை, கொச்சியில் இருந்து கோவை வழியாகக் கரூர் போகும் பெட்ரோலியக் குழாய், கூற்றநாட்டில் பிரிந்து வாளையாருக்கு வரும் எரிவாயுக் குழாய் என எல்லாம் இந்தக் கணவாயை ஒட்டித்தான் போகின்றன. அதனால் வேலைக்குக் குறைவில்லை. இந்த வேலைகளின் கணக்கை வைத்திருக்கும் சாஃப்ட்வேர்தான் பதினைந்து இருபது வருடம் பழையதாகிவிட்டது.

ஸ்டோர்ஸ், பில்லிங், கணக்கு மூன்றுக்கும் நடுவில் சிஸ்டம் பார்க்கிறவன் என்ற முறையில் பல வழிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த பிராண்ட் வாங்குவது என்பது மூன்றாவது கேள்வி. எதை மாற்றாமல் விடலாம் என்பது முதல் கேள்வி, எதை முதலில் மாற்றுவது என்பது இரண்டாவது. பெரும்பாலான போர்டு மீட்டிங்குகள் மூன்றாவதில் இருந்து தொடங்குகின்றன.

ஏன் இப்போது?

"ஓடிக்கிட்டிருக்கிறதை ஏன் தொடணும்?" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்வி. பதில் சட்டத்தில் இருக்கிறது, கொஞ்சம் காலண்டரிலும் இருக்கிறது.

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்த வசதியை அணைத்து வைக்க முடியக் கூடாது. ஆடிட்டர் அதைப் பற்றித் தம் அறிக்கையில் எழுதியாக வேண்டும். ஃபாக்ஸ்புரோ என்ற பழைய நிரல் மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த புரோகிராமில் போன வருட வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றினால் ஒரு சுவடும் இருக்காது. இது ஒன்றே போதும், கணக்குப் பகுதியை மட்டுமாவது மாற்ற.

பில்லை அரசு போர்ட்டலில் பதியும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் வந்தது. படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேல் உள்ள எல்லோருக்கும் என்றானது. 2025 ஏப்ரல் முதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இன்வாய்ஸ் தேதியில் இருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். நம் தொழிலில் இது எங்கே கடிக்கிறது என்றால், முடிந்த வேலைக்கு அவ்வப்போது போடும் ரன்னிங் பில்லில். சைட்டில் எம்.புக் (அளவுப் புத்தகம்) எழுதி, மின்வாரியத்து என்ஜினியர் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் மாதம் போய்விடும். பழைய தேதியில் பில் போட்டு வைத்திருந்தால் போர்ட்டல் அதை வாங்காது.

அப்புறம் ஜி.எஸ்.டி. விகிதம். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போயின. சூரிய, காற்றாலைக் கருவிகள் 12இல் இருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தவர்கள் அந்த வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதனால் டி.டி.எஸ். பிரிவு எண்களெல்லாம் மாற வேண்டும். இந்த மாதிரி மாற்றம் வருடத்துக்கு ஒன்றாவது வருகிறது. அதைச் செய்து தர ஆள் இருக்கிறாரா என்பதுதான் பழைய சாஃப்ட்வேரின் உண்மையான ஆயுள்.

பெரிய குழுமத்தின் கிளையாக எஸ்.ஏ.பி. என்ற பெரிய நிறுவன மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்கும் கெடு இருக்கிறது. அதன் பழைய தலைமுறையான ஈ.சி.சி. 6.0 பதிப்பின் புதிய மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கு 2027 முடிவோடு வழக்கமான பராமரிப்பு நிற்கிறது. கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை நீளும். பழைய தொகுப்பில் நின்றவர்களுக்கு 2025 முடிவோடே கதை முடிந்தது.

எல்லையில் ஒரு லாரி

எந்த வழியை ஒப்பிடுவதற்கும் முன்னால் ஒரு அளவுகோல் வேண்டும். நான் வைத்திருப்பது ஒரு லாரி. கஞ்சிக்கோடு குடோனில் இருந்து பொள்ளாச்சி பக்கம் ஒரு லைன் வேலைக்குப் புறப்படுகிறது.

கம்பெனி ஒன்று, பான் எண் ஒன்று. ஆனால் கேரளத்தில் 32 என்று தொடங்கும் ஜி.எஸ்.டி. எண், தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும் எண். சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் இரண்டு வேறு நபர்கள். அதனால் மின்கம்பி சுற்றிய நம் சொந்தக் கண்டக்டர் டிரம்மை நம் சொந்த சைட்டுக்கே அனுப்பினாலும் அது விற்பனைக்குச் சமம். மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. வரி போட்ட இன்வாய்ஸ் வேண்டும், சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும். மதிப்பை எப்படிப் போடுவது என்பதில் மட்டும் ஒரு சலுகை உண்டு. வாங்கும் கிளைக்கு முழு வரி வரவு கிடைக்கும் என்றால் இன்வாய்ஸில் போட்ட மதிப்பையே ஏற்றுக்கொள்வார்கள்.

டிரம்மின் பின்னால் போகும் நம் கிரேனுக்கு இந்த வரி இல்லை. கிரேன், ரிக், கருவிகள் போன்றவை விற்பனைக்காக அல்லாமல் வேலைக்காக மாநிலம் தாண்டினால் ஐ.ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2017 நவம்பரில் சுற்றறிக்கை வந்தது. அதற்கு இன்வாய்ஸுக்குப் பதில் டெலிவரி சலான் போதும்.

மூன்றாவது சரக்கு, மின்வாரியமே கொடுத்த இன்சுலேட்டர். அது நம் பொருளே அல்ல. நம் ஸ்டாக்கில் எண்ணிக்கை இருக்க வேண்டும், மதிப்பு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். வந்தது எவ்வளவு, கோபுரத்தில் ஏறியது எவ்வளவு, உடைந்தது எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று கணக்குக் காட்டாமல் கடைசி பில் பாஸ் ஆகாது.

ஒரே லாரியில் மூன்று விதச் சரக்கு, மூன்று விதக் காகிதம். இதோடு சின்னச் சின்ன வேறுபாடுகள்: மாநிலத்துக்குள் சரக்கு போனால் கேரளத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில், தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல்தான். ஜி.எஸ்.டி.க்கு முன்னால் வாளையார் வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. இப்போது அந்த வரிசை இல்லை. அங்கே நடந்த சோதனை நம் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். கோவைக்குள் மட்டும் வேலை செய்யும் கம்பெனிக்கு நன்றாகப் பொருந்திய சாஃப்ட்வேர் நமக்குப் பொருந்தாமல் போவது இந்த லாரியால்தான். சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

ஒட்டுப் போட்டு ஓட்டுவது

இந்த வழியை ஏளனமாகப் பேசுவது கன்சல்டன்ட்களின் வழக்கம். நான் அப்படிப் பேச மாட்டேன். கம்பெனிக்குள்ளேயே எழுதிய பில்லிங் புரோகிராமில் இந்தத் தொழிலின் அறிவு முழுக்க இருக்கிறது. ஃபவுண்டேஷன் முடிந்தால் இத்தனை சதவீதம், கோபுரம் ஏறினால் இத்தனை, கம்பி இழுத்தால் இத்தனை; பில்லில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் ரிடென்ஷன் பிடித்தம்; அலுமினிய விலை ஏறினால் மின்கருவித் தயாரிப்பாளர் சங்கமான ஐ.இ.இ.எம்.ஏ.வின் விலை மாறுதல் சூத்திரப்படி கூடுதல் பில். கடையில் வாங்கும் எந்தச் சாஃப்ட்வேரிலும் இது நாம் கேட்கிற வடிவத்தில் தயாராக இருப்பதில்லை. அதை எறிந்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னால், இருபது வருடத்தில் தீர்த்த சிக்கலை எல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகச் சந்திக்க வேண்டும்.

ஆனால் அடித்தளம் அழுகிவிட்டது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது, 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் நின்றது. ஒரு டேபிள் ஃபைல் 2 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதனால்தான் பலர் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டு, மூன்று வருடம் ஓடும் ஒரு வேலையின் லாபத்தைப் பார்க்க எக்செலில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எழுதியவர் ஓய்வு பெறப் போகிறார், அல்லது ஏற்கெனவே போய்விட்டார். அந்தப் புரோகிராம் ஓட வேண்டும் என்பதற்காகவே ஒரு பழைய விண்டோஸ் மெஷினை நெட்வொர்க்கில் விட்டு வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14 அன்று இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதற்கும் முந்தையதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"அது வெறும் பில்லிங் மெஷின்தானே" என்பார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு நடந்ததை இவர்களிடம் சொல்ல வேண்டும். குழாயை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பில் அல்ல, அலுவலகக் கம்ப்யூட்டர்களில்தான் திருடர்கள் புகுந்தார்கள். வெளியில் இருந்து நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருந்து, பயன்பாட்டில் இல்லாமல் போன ஒரு பழைய வி.பி.என். கணக்கு, ஒரே ஒரு பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. கம்பெனி முன்னெச்சரிக்கையாகக் குழாயையே நிறுத்தியது. நாட்டின் கிழக்குக் கரையில் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நின்றது. சுமார் 44 லட்சம் டாலர் மதிப்புள்ள பிட்காயின் பிணைத்தொகையாகக் கைமாறியது. நம் நாட்டிலும் 2022 முதல் இப்படி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். பழைய மெஷினில் பதிவு என்று ஒன்று இருந்தால்தானே காட்டுவதற்கு!

ஆக, ஒட்டுப் போடுவது தவறில்லை, ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ. மெஷினை நெட்வொர்க்கில் இருந்து தனியே பிரித்து வைத்து, கணக்கை மட்டும் திருத்தத் தடம் உள்ள டேலி மாதிரி ஒன்றுக்கு மாற்றிவிட்டு ஓட்டலாம். அதையே கொள்கையாக வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

பெரிய ஈ.ஆர்.பி.

ஈ.ஆர்.பி. என்றால் கணக்கு, ஸ்டோர்ஸ், பராமரிப்பு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள். எஸ்.ஏ.பி.யின் புதிய தலைமுறையான எஸ்-4 ஹானா, ஆரக்கிள் மாதிரியான பெரிய அமைப்புகளின் பலம் கணக்கில் இல்லை. கணக்கு எல்லோரும் போடுகிறார்கள். பலம் சொத்துப் பராமரிப்பில். இந்த டிரான்ஸ்பார்மர் எந்த துணை மின்நிலையத்தின் எந்தப் பிரிவில் (பே) இருக்கிறது, கடைசியாக எப்போது எண்ணெய் சோதித்தார்கள், அதற்கு எந்த ஒர்க் ஆர்டரில் என்ன உதிரிப்பாகம் போனது, அதன் செலவு எந்த ஒப்பந்தத்தில் ஏறியது என்று ஒரே இழையாகப் பிடித்துப் போகலாம். குழாய், துணை மின்நிலையம் என்று சொந்தச் சொத்து வைத்திருக்கும் கம்பெனிக்கு இது தங்கம். ஒப்பந்த வேலை மட்டும் பார்க்கிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

ஏற்கெனவே ஈ.சி.சி. வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பாதை. இருப்பதை அப்படியே மேலேற்றலாம், அல்லது சுத்தமாகப் புதிதாக அமைக்கலாம். அப்படியே ஏற்றினால் சீக்கிரம் முடியும், பழைய குப்பையும் கூடவே வரும். புதிதாக அமைத்தால் வேலை முறையையே திருத்திக்கொள்ள வாய்ப்பு. காலமும் செலவும் கூடும். என் அபிப்பிராயம்: கஸ்டமைசேஷன் (நமக்கென்று மாற்றி எழுதியது) குறைவாக இருந்தால் அப்படியே ஏற்றுங்கள். முப்பது பேர் உட்கார்ந்து பத்து வருடம் எழுதிய தனிப் புரோகிராம்கள் குவிந்திருந்தால், அவற்றில் எத்தனையை கடந்த ஒரு வருடத்தில் யாராவது ஓட்டினார்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருக்கும்.

செலவு என்றதும் லைசன்ஸ் விலையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையில் அதைவிட, அமைத்துக் கொடுக்கும் ஆட்களின் நாள் கூலியும், நம் ஆட்கள் தம் அன்றாட வேலையை விட்டுவிட்டு அதில் உட்காரும் நேரமும்தான் பெரிது. இரண்டாவதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதே இல்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் துறையிலேயே ஒரு கதை உண்டு. நேஷனல் கிரிட் என்ற மின்சார, எரிவாயு நிறுவனம் அமெரிக்காவில் தன் புதிய எஸ்.ஏ.பி. அமைப்பை 2012 நவம்பர் தொடக்கத்தில் ஓடவிட்டது. சாண்டி புயல் கரையைக் கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஊழியர்கள் இரவு பகலாக ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சிலருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, சிலருக்குக் கூடி வந்தது, சிலருக்கு வரவே இல்லை. சப்ளையர் பில்கள் ஆயிரக்கணக்கில் தேங்கின. மாதக் கணக்கை மூடுவதற்கு முன்பைவிடப் பல மடங்கு நாள் பிடித்தது. பிறகு அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் மேல் வழக்கு. 2018இல் விப்ரோ 7.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசமானது. சாஃப்ட்வேர் மோசம் என்று நான் சொல்லவில்லை. தேதியைத் தள்ளிப்போட ஒருவருக்கும் மனம் வரவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும் பாடம்.

வாடகை கிளவுட்

விற்பவரின் சர்வரிலேயே ஓடும், நாம் மாத வாடகைக்கு எடுக்கும் மென்பொருள் இந்த வகை: மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரல், நெட்சூட் போன்றவை, கணக்குக்கு மட்டும் என்றால் சோஹோ புக்ஸ். (சோஹோவின் ஆட்கள் தென்காசி மத்தளம்பாறையில் இருந்து வேலை பார்க்கிறார்கள் என்பதால், எல்லையோரத்துக்காரர்களுக்கு அதன்மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாடும் குணம் உண்டு. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.) சர்வர் வேண்டாம், பேக்கப் கவலை இல்லை, வரி விகிதம் மாறினால் அவர்களே மாற்றித் தருவார்கள். இந்தக் கடைசி வசதி மட்டுமே வாடகைக்குத் தகும்.

சிக்கல் ஆள் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு பயனருக்கும் மாதா மாதம் வாடகை. அலுவலகத்தில் பதினைந்து பேர் என்றால் சரி. சைட் சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், காற்றாலை டெக்னீஷியன் எல்லோரும் என்ட்ரி போட வேண்டும் என்றால் தொகை ஏறிவிடும். உடனே மிச்சம் பிடிப்பதற்காக ஒரு லாகினை நான்கு பேர் பயன்படுத்துவார்கள். அப்போது திருத்தத் தடம் எதற்கு? யார் திருத்தினார் என்றே தெரியாதே.

நெட் இன்னொன்று. வாளையார் காட்டை ஒட்டிய கோபுர சைட்டில் சிக்னல் வரும், போகும். ஆஃப்லைனில் பதிந்து பிறகு ஏற்றும் மொபைல் ஆப் இல்லாத கிளவுடை சைட் வேலைக்கு வாங்காதீர்கள். கணக்குப் புத்தகத்தின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. வெளிநாட்டுச் சர்வர் என்றால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திறந்த மூலம்

மூல நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த ஈ.ஆர்.பி.கள் இவை. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் மும்பையில் பிறந்தது, ஓடூ பெல்ஜியத்தில். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டுக்கு இந்திய வரி, இ-இன்வாய்ஸ், இ-வே பில் வேலைகளைச் செய்யும் தனி இணைப்பும் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. லைசன்ஸ் பணம் இல்லை, ஆளுக்கு இத்தனை என்ற கணக்கும் இல்லை. அதனால் ஸ்டோர் கீப்பருக்கும் டெக்னீஷியனுக்கும் தனித்தனி லாகின் கொடுக்கக் கை நடுங்காது. என் லாரிச் சோதனையில், கொஞ்சம் மாற்றி எழுதினால் மூன்று சரக்குக்கும் மூன்று காகிதம் வர வைக்க முடியும்.

இது சின்னக் கம்பெனிகளுக்குத்தான் என்று யாராவது சொன்னால், கேரள மின்வாரியத்தைக் காட்டுங்கள். அவர்களுடைய தாழ்வழுத்த மின் கட்டண பில்லிங் அமைப்பான ஒருமாவை வாரியத்தின் சொந்த ஐ.டி. ஆட்களே திறந்த மூலக் கருவிகளை வைத்து எழுதினார்கள். மாநிலம் முழுக்க உள்ள இணைப்புகளுக்கு அதில்தான் பில் போனது. ஆனால் அந்த உதாரணத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: வாரியத்திடம் அதற்கென்று நிரந்தர ஆட்கள் இருந்தார்கள். திறந்த மூலத்தில் லைசன்ஸுக்குக் கொடுக்காத பணத்தைச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர். ஒருவர் போதாது, அவர் வேலையை விட்டுப் போனால் மறுபடி ஃபாக்ஸ்புரோ காலத்துக்கே வந்து நிற்போம், நிரல் மொழி மட்டும் பைத்தானாக இருக்கும். கோவையில் ஆள் கிடைப்பது கஷ்டம் இல்லை, தங்க வைப்பதுதான் கஷ்டம்.

கொஞ்சம் கொஞ்சமாக

எனக்குப் பிடித்தது இதுதான். மேலே சொன்ன எதையும் ஒரே நாளில் முழுவதுமாகச் செய்யாமல், பழையதை நடுவில் வைத்துக்கொண்டு ஓரத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது. கணக்கும் வரியும் முதலில், கடையில் கிடைக்கும் சாஃப்ட்வேரை அது இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு. அதில் கஸ்டமைசேஷன் என்று வாயே திறக்கக் கூடாது. கணக்கில் நாம் மற்றவர்களைப் போலத்தான். அடுத்தது ஸ்டோர்ஸ். லாரிச் சிக்கல் அங்கேதான் இருப்பதால் காசையும் நேரத்தையும் அங்கே செலவழிக்கலாம். மூன்றாவது ஒர்க் ஆர்டரும் பராமரிப்பும். கடைசியாக அந்த ரன்னிங் பில் புரோகிராம். அதுவரை அது தனி மெஷினில் ஓடட்டும், இரவில் ஒரு ஃபைலாகக் கணக்குக்கு எண்களைத் தள்ளட்டும்.

இதிலும் குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. இரண்டு மூன்று வருடம் இரண்டு உலகத்தில் வாழ வேண்டும். பழையதில் ஒரு ஸ்டாக், புதியதில் ஒரு ஸ்டாக் என்று வித்தியாசம் வரும். தினமும் ஒருவர் உட்கார்ந்து ஒத்துப் பார்க்க வேண்டும். நடுவில் நிர்வாகம் மாறினால் பாதியில் நின்றுவிடும், நின்றுபோன பாதிதான் நிரந்தரமாகிவிடும். அதனால் கடைசிக் கட்டத்துக்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கி வைக்கச் சொல்வேன்.

ஐட்டம் மாஸ்டர்

எந்த வழியில் போனாலும் பொருள் பெயர்ப் பட்டியலான இந்த ஐட்டம் மாஸ்டர் முன்னால் வந்து நிற்கும். இந்தப் பக்கத்து ஸ்டோர்களில் ஆட்கள் தமிழ் பேசுவார்கள், மலையாளத்தில் எழுதுவார்கள், கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் அடிப்பார்கள். ஒரே சஸ்பென்ஷன் கிளாம்ப், ஸ்பெல்லிங் மாறி, அளவு முன்னால் பின்னால் போய், கம்பெனிப் பெயரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று பல பெயரில் இருக்கும். "சார், இதெல்லாம் ஒண்ணுதான்" என்று ஸ்டோர்ஸில் இருக்கும் சேட்டன் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கன்சல்டன்ட் ஒரு மாதம் எடுத்தாலும் அதைக் கண்டுபிடிக்க மாட்டார். பழைய கஸ்டமர் மாஸ்டரிலும் இதே கதை. தமிழ்நாட்டு மின்வாரியக் கம்பெனிகள் 2024இல் மறுபடி பிரிந்து பெயர் மாறின. பழைய பெயரில் பாக்கி, புதுப் பெயரில் பில் என்று இரண்டாகக் கிடக்கிறது.

இந்தச் சுத்தப்படுத்தும் வேலைக்குப் புதுச் சாஃப்ட்வேர் வேண்டியதில்லை. எக்செல் போதும், இன்றைக்கே தொடங்கலாம். ஸ்டோர் கீப்பரை தினமும் இரண்டு மணி நேரம் விடுவியுங்கள். இது நடக்காமல் வாங்கிய எந்த அமைப்பும் பழைய குழப்பத்தைப் புதுத் திரையில் காட்டும்.

எந்தத் தேதியில்?

புதியதற்கு மாறும் நாள் ஏப்ரல் 1 என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குக்கு அழகான தேதி, ஆட்களுக்கு மோசமான தேதி. மார்ச் முழுக்க வருட முடிவு பில், அரசு பட்ஜெட் தீரும் முன் பணம் வாங்கும் ஓட்டம். காற்றாலைகளுக்குச் சீசனுக்கு முந்தைய பராமரிப்பும் அப்போதுதான். மே முதல் செப்டம்பர் வரை தொடவே கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே பழமொழி இல்லை, வருமானம். அந்த நேரத்தில் ஒரு டர்பைன் நின்று, உதிரிப்பாகம் சிஸ்டத்தில் காணவில்லை என்றால் யார் பதில் சொல்வது? அதற்குள் ஓணம் வரும், செப்டம்பர் முடிவில் வரித் தணிக்கை வரும்.

நவம்பர் 1 எனக்குச் சரியாகப் படுகிறது. நடு வருடத்தில் ஓப்பனிங் பேலன்ஸ் கொண்டுவர ஆடிட்டர் முணுமுணுப்பார், தேய்மானக் கணக்கில் கொஞ்சம் கூடுதல் வேலை. பரவாயில்லை. தீபாவளி நவம்பரில் விழும் வருடம் என்றால் போனஸ் பட்டுவாடா முடியும்வரை சம்பளத்தை மட்டும் பழையதிலேயே விடுங்கள்.

என் தேர்வு

சொந்தக் குழாய், சொந்தத் துணை மின்நிலையம் வைத்திருக்கும், ஏற்கெனவே எஸ்.ஏ.பி.யில் இருக்கும் கம்பெனி: எஸ்-4 ஹானாவுக்குப் போங்கள், கெடுவுக்குப் பயந்து ஓடாமல். நேரம் போதாவிட்டால் நீட்டிப்புப் பணம் கட்டுவது அவமானம் இல்லை. இரண்டு மாநிலத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் நடுத்தரக் கம்பெனி, இரண்டு நல்ல ஆட்களை வைத்துக்கொள்ள முடியும் என்றால்: கணக்குக்குக் கடையில் கிடைக்கும் ஒன்று, ஸ்டோர்ஸுக்கும் ஒர்க் ஆர்டருக்கும் திறந்த மூலம், கொஞ்சம் கொஞ்சமாக. ஆட்களை வைத்துக்கொள்ள முடியாது என்றால் வாடகை கிளவுட், ஆனால் எல்லோருக்கும் தனி லாகின் வாங்கும் மனதோடு. ஒரே மாநிலம், ஐந்தாறு பேர் என்றால் டேலியும் ஒழுங்கான எக்செலும் இன்னும் சில வருடம் தாங்கும்; இந்தக் கட்டுரையை மறந்துவிடலாம்.

விற்க வருகிறவரின் டெமோவில் அவர் கொண்டுவரும் மாதிரிக் கம்பெனியைப் பார்க்காதீர்கள். போன மாதம் வாளையாரைத் தாண்டிய ஒரு லாரியின் காகிதங்களைக் கையில் கொடுங்கள். கண்டக்டர் டிரம்முக்கு இன்வாய்ஸ், கிரேனுக்குச் சலான், வாரிய இன்சுலேட்டருக்கு மதிப்பில்லாத என்ட்ரி. அப்புறம் டிரம்மில் பாதி திரும்பி வந்ததாகவும் நான்கு இன்சுலேட்டர் உடைந்ததாகவும் சொல்லி அதையும் போடச் சொல்லுங்கள். ஸ்டோர் கீப்பர் கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். "அது கஸ்டமைசேஷனில் பண்ணிக்கலாம் சார்" என்ற பதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் விலையைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் நம் டேட்டா முழுவதையும் படிக்கக்கூடிய வடிவத்தில், கூடுதல் பணம் கேட்காமல் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் அதே கொட்டேஷனில் இருக்க வேண்டும்.